ரெட்ரோ ரூம் போடும் முன் அம்மாச்சியைக் கேளுங்கள்

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனதும் முதலில் நம் ரூமைத்தான் மாற்றத் தோன்றும். ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள்: சுவரே தெரியாத அளவுக்குப் படங்கள், பூப்போட்ட திரை, பழைய ரேடியோ, மஞ்சள் வெளிச்சம், கட்டில் மேல் நாலு நிறத்தில் தலையணை. இதற்கு ரெட்ரோ மேக்ஸிமலிசம் என்று பேர். எல்லாவற்றையும் குறைத்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு எதிர்க்கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இந்தப் பக்கத்துக்குப் பெரிய பேர் வாங்கிக் கொடுத்தது 1981இல் மிலான் நகரில் முதல் கண்காட்சி வைத்த மெம்ஃபிஸ் குழு. அதை நடத்திய எத்தோரே சோட்சாஸ் 1961இலேயே இந்தியா வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனவர்.

நமக்கு மிலான் வரைக்கும் போகவேண்டிய வேலை இல்லை. போடி ஜமீன் அரண்மனையில் லட்சுமி விலாசச் சுவர்களில் ராமாயணம் வரைந்திருக்கிறார்கள். அந்தக் கால ஓவியர்களுக்கு வெறும் சுவர் பிடிக்காது. ஆனாலும் நாயக்கர் மரபு ஓவியங்களை நின்று பார்த்தால் கண் வலிக்காது. காரணம், காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே ஒரு பட்டை ஓடும். எவ்வளவு நிறைத்தாலும் அந்தப் பட்டை இருக்கும்வரை கண்ணுக்கு ஓர் ஓய்வு கிடைக்கும். உங்கள் ரூமிலும் படங்களைச் சுவர் முழுக்கச் சிதறவிடாமல், ரெண்டு அங்குல இடைவெளி விட்டு ஒரே கட்டமாகச் சேர்த்து மாட்டுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அரண்மனை பெரிய இடத்து விஷயம். எனக்கு இந்தப் பாடம் நடந்தது இன்னொரு சுவரில்.

போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, பூப்பாறைப் பக்கம் இறங்கினால் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே லயத்து வீடுகள் தெரியும். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. உள்ளே எட்டிப் பார்த்தால் எல்லாமே சுவரில்தான் இருக்கும்: குடை, ஸ்வெட்டர், பிள்ளைகளின் பள்ளிக்கூடப் பை, முகம் பார்க்கிற கண்ணாடி, அதன் பின்னால் செருகிய சீப்பு, முருகன், இயேசு, கல்யாண போட்டோ, ஏழு வருஷத்துக் காலண்டர். என் அம்மாச்சி அப்படி ஒரு வீட்டில் இருந்து முப்பது வருஷம் காய் பறித்தவர். இப்போது போடியில் எங்கள் வீட்டில், என் ரூமில்தான் படுக்கிறார். பத்துக்குப் பத்து அறை.

போன லீவில் அப்பா பெயின்ட் அடிக்க முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரரை வரச் சொல்லியிருந்தார். பரண்மேல் இருப்பதெல்லாம் கிலோக் கணக்கில் போய்விடும் என்று தெரிந்ததும் நான் ஏறி இறக்கினேன். பச்சை டிரங்குப் பெட்டி, வால்வு ரேடியோ, அரிக்கேன் விளக்கு, பித்தளைச் செம்பு, ஒரு கட்டுக் காலண்டர், அம்மாச்சி காய் பறித்த கூடை. ரெண்டு நாள் வேலை. கூடையை நடுச்சுவரில் மாட்டி, மேலே ஒரு சின்ன லைட்டும் போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது.

அம்மாச்சி வந்து ரொம்ப நேரம் பார்த்தார். "ஏண்டா, அன்னைக்கு பீரோ இல்ல, ஆணில தொங்கவிட்டோம். இன்னைக்குத்தான் பீரோ இருக்கே, நீ எதுக்குத் தொங்கவிடுற?" என்றார். சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "அந்தக் கூடை கண்ணு முன்னாடி தொங்குனா எப்படிடா தூக்கம் வரும்? விடிஞ்சா வேலைக்குப் போகணும்னே இருக்கு."

அன்றைக்கு ராத்திரியே இறக்கிவிட்டேன்.

நாஸ்டால்ஜியா என்ற சொல்லை 1688இல் உருவாக்கியவர் யோகான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். சுவிட்சர்லாந்தில் பாசல் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய ஆய்வேட்டில் வருகிறது. ஊரைப் பிரிந்தவர்களுக்கு வரும் நோய்க்கு அவர் வைத்த பேர் அது. எனக்கு அந்த நோய் வர வாய்ப்பே இல்லை. நான் லயத்தில் இருந்ததே இல்லை. நம்ம செட்டில் பலருக்கு மீட்டர் கேஜ் ரயில்கூட அப்படித்தான். 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயில், அகலப்பாதையாகி 2023 ஜூனில் திரும்ப வந்தது. நடுவில் வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் பழைய ஸ்டேஷன் போட்டோவைப் பார்த்தால் 'அந்தக் காலம்' என்று பெருமூச்சு விடுவோம். விடுங்கள், தப்பில்லை. அந்தக் காலத்தில் இருந்தவர் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தால் மட்டும், ஆணி அடிக்கும் முன் அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மறுநாள் கேட்டேன். அவர் சொன்னதை வைத்துத்தான் ரூமை மறுபடி செய்தேன். அதில் கற்றுக்கொண்டவை கீழே.

சுவர் நிறம். அம்மாச்சிக்கு நீலச் சுவர் வேண்டும். சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிக்கிற அந்த நிறம். சுண்ணாம்பு நல்ல பொருள், சுவரின் ஈரத்தை வெளியே விடும். ஆனால் ஏற்கெனவே எமல்ஷன் அடித்த சுவரில் ஒட்டாது, உரிந்துவரும். சுரண்டி எடுக்கப் பொறுமை இல்லாததால் அதே நிறத்தில் பளபளப்பில்லாத டிஸ்டெம்பர் அடித்தோம். ஒரு சுவர் மட்டும். அதன்பின் அந்த நீலம் தலையணை உறையில் ஒரு தடவை, திரைச்சீலைக் கரையில் ஒரு தடவை திரும்ப வரும்படி பார்த்துக்கொண்டேன். ஒரே நிறம் மூன்று இடத்தில் தெரிந்தால், மற்றது எவ்வளவு கலந்தடித்தாலும் ரூம் ஒன்றாக நிற்கும்.

ஆணி. நம் பக்கம் புது வீடுகளில் ஹாலோ பிளாக் சுவர் நிறைய. அதில் வெறும் ஆணி அடித்துக் கனமான கடிகாரத்தை மாட்டினால், ஒருநாள் தலையில் விழும். டிரில் போட்டு, பிளக் வைத்து, ஸ்க்ரூ முடுக்குங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடவே கூடாது. ஒயர் பைப் அந்த வழியாகத்தான் போகும். சிவில், ட்ரிபிள்-ஈ நண்பர்கள் சிரிக்காதீர்கள், நான் மெக்கானிக்கல்.

பழைய வீடுகளில் சாமி படத்தை உத்தரத்தை ஒட்டி உயரத்தில், முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள். பார்த்தால் பழங்காலப் பழக்கம் மாதிரி இருக்கும். தரையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும்: சாய்வு இருப்பதால் படம் நேராக நம்மைப் பார்க்கிறது, ஜன்னல் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுக் கூசுவதும் குறைகிறது, சட்டத்துக்குப் பின்னால் காற்றும் ஓடுகிறது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க அந்தக் காற்று அவசியம். மலைப்பக்கம் வீடு என்றால் வெளிச்சுவரில் காகிதப் படம் மாட்டாதீர்கள், உள்சுவரில் மாட்டுங்கள்.

வெளிச்சம். இதை போடிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காயவைத்த ஏலக்காயைக் கறுப்பு பாலித்தீன் போட்ட சாக்கில் ஏன் கட்டுகிறோம்? வெளிச்சம் பட்டால் பச்சை வெளுத்துவிடும், ஏலத்தில் விலை இறங்கிவிடும். போட்டோவும் காலண்டரும் அதே கதைதான். கல்யாண போட்டோவை ஸ்கேன் செய்து பிரதியை மாட்டுங்கள். அசல் டிரங்குப் பெட்டிக்குள் இருக்கட்டும். பல்பு 2700 கெல்வின் வாங்கினால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் கிடைக்கும். பெட்டியில் சிஆர்ஐ 90க்கு மேல் என்று போட்டிருந்தால் நிறங்கள் செத்துப்போய்த் தெரியாது.

காலண்டர் என்றதும் ஒன்று. சிவகாசியில் அச்சான சாமி படக் காலண்டர்களைச் சாதாரணமாக நினைத்துத் தூக்கிப் போடாதீர்கள். அந்தப் பாணியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும்தான் நம் தாத்தா பாட்டிகள் மனசில் இருக்கும் முகங்கள். படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஓவியர் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மேலும் கீழும் உள்ள தகரப் பட்டை துருப்பிடித்திருந்தால் மெதுவாகக் கழற்றிவிடுங்கள், கறை ஏறிவிடும்.

வால்வு ரேடியோவை மட்டும் சும்மா ஆசைக்கு பிளக்கில் சொருகாதீர்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் டிசி ஓடும், கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். சில மாடல்களில் உலோகச் சட்டமே மெயின்ஸ் லைனோடு சேர்ந்திருக்கும், தொட்டால் அடிக்கும். தெரிந்த மெக்கானிக் பார்க்கும்வரை அது வெறும் மரப்பெட்டிதான். நான் ஒயரை வெட்டிவிட்டு, பின்பக்கம் ஒரு புளூடூத் ஸ்பீக்கரை வைத்தேன். அம்மாச்சிக்கு அந்தப் பெட்டி என்றால் இலங்கை வானொலி. அதே பாட்டுகள் அதே பெட்டியிலிருந்து வந்தபோது, கிட்டே வந்து திருகியைத் திருகிப் பார்த்தார். "இது சுத்தலையேடா" என்றார். அதைச் சரிசெய்வது அடுத்த லீவு ப்ராஜெக்ட்.

வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை என்றால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் எல்லாம் கிடைக்கும். அதற்கு முன் பெரியம்மா, சித்தப்பா வீட்டுப் பரண்களில் ஏறிப் பாருங்கள். ஆன்லைனில் 'விண்டேஜ்' என்று விற்கும் புதுத் தகரப் பலகைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

டிரங்குப் பெட்டியை நான் கட்டிலுக்கு மேலே அலமாரியில் அலங்காரமாக ஏற்றியிருந்தேன். "அத இறக்குடா, அதுமேல உக்காந்துதான் உங்கம்மாவுக்குச் சடை பின்னுவேன்" என்றார். இறக்கி ஜன்னல் ஓரம் போட்டோம். இப்போது சாயங்காலம் அதில்தான் உட்காருகிறார். செம்பு கைக்கு எட்டும் இடத்தில், தண்ணீரோடு. தேதி பெரிதாகத் தெரிகிற காலண்டர் கட்டிலுக்கு எதிரே. நடக்கிற வழியில் தரையில் ஒரு பொருளும் இல்லை. ராத்திரி எழுந்து போகிற வயசானவர் காலில் தடுக்கக் கூடாது. நீலச் சுவரில் மட்டும் படங்கள் நெருக்கமாக இருக்கின்றன. அதில் எது எங்கே என்பதை அவர் கட்டிலில் இருந்தே கை காட்டிச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரர் வந்தார். ரெண்டு உடைந்த நாற்காலியும் ஒரு டிவி டப்பாவும் போயின. அப்பா கூடையையும் எடுத்துத் தராசுப் பக்கம் வைத்தார். அம்மாச்சி எழுந்து போய் அதை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார். இப்போது சமையலறையில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறார்.