ஜில்லா போர்டுத் தேர்தலும் சங்க வாக்கும்

கிராமத்துக்குச் சாலை வேண்டும், பாடசாலை வேண்டும், வைத்தியசாலை வேண்டும் என்று கேட்பது எளிது. அவற்றை எங்கே, எப்போது அமைப்பது என்று முடிவு செய்பவர் யார், அவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை யாருக்கு உண்டு என்று அறிவதே குடியாட்சியின் முதற்பாடம். இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இவ்வுரிமை நம் பகுதியில் எந்நிலையில் இருந்தது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

ஜில்லா போர்டு என்பது யாது?

1884ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்தில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, யூனியன் என மூன்று படிகளில் ஸ்தல ஸ்தாபனங்கள் அமைந்தன. சாலைகள், ஆரம்பப் பாடசாலைகள், வைத்தியசாலைகள், சந்தைகள் ஆகியவை இவற்றின் பொறுப்பில் இருந்தன. 1920ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்தெடுக்கப்படும் அங்கத்தினரின் தொகையைப் பெருக்கிற்று. 1930இல் வந்த திருத்தம் நியமன முறையை நீக்கிற்று. 1934இல் தாலுகா போர்டுகள் எடுக்கப்பட்டன.

கம்பம் பள்ளத்தாக்கு அக்காலத்தில் மதுரை ஜில்லாவின் பெரியகுளம் தாலுகாவைச் சேர்ந்திருந்தது. தாலுகா போர்டு மறைந்தபின், கம்பத்துக் குடியானவர் தம் குறையைச் சொல்ல 60 மைலுக்கு அப்பாலுள்ள மதுரையை நோக்கவேண்டியதாயிற்று. அப்போது மாகாணத்தை ஆண்டது ஜஸ்டிஸ் கட்சி. உத்தமபாளையத்தில் பிறந்த பி. டி. ராஜன் அவர்கள் 1930 முதல் அம்மந்திரி சபையில் இருந்து, 1936இல் சில மாதங்கள் முதன்மந்திரியாகவும் விளங்கினார்.

1935, 1936ஆம் ஆண்டுகளின் ஸ்தல ஸ்தாபனத் தேர்தல்களில் காங்கிரஸ் பல இடங்களில் வெற்றி கண்டது. அடுத்த ஜில்லாவான இராமநாதபுரத்தில் ஜில்லா போர்டின் தலைவராய் இருந்த பி. எஸ். குமாரசாமி ராஜா அவர்கள், 1949இல் மாகாணத்தின் முதன்மந்திரியானார். நாட்டை ஆளும் பயிற்சி ஊர்ச்சாலையையும் பள்ளிக்கூடத்தையும் கவனிப்பதில் தொடங்கிற்று என்பதற்கு இது சான்று.

வாக்கு யாருக்கு இருந்தது?

அக்காலத்தில் வாக்குரிமை சொத்தையும் வரியையும் ஒட்டியே நின்றது. 1920இல் சட்டசபைத் தேர்தலுக்கு மாகாணத்தின் சுமார் 4 கோடி மக்களில் ஏறக்குறைய 12.5 லட்சம் பேரே வாக்காளர். ஸ்தல ஸ்தாபனங்களிலும் அளவுகோல் இவ்வகையினதே. ஆண்டிப்பட்டிப் பக்கத்தில் வாடகை வீட்டில் தறி போட்டு நெய்தவரும், சின்னமனூரில் பிறர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியவரும், வரி செலுத்துவோர் பட்டியலில் இல்லையேல் வாக்கும் இல்லாதவரே. நூல் மூட்டையும் வெற்றிலைக் கட்டும் செல்லும் சாலையைப் பற்றி அவர்கள் கருத்தைக் கேட்பார் இல்லை.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தில் 1928 முதல் வயதுவந்த ஆண், பெண் யாவர்க்கும் பார்லிமெண்டுத் தேர்தலில் சம உரிமை உண்டு. எனினும் அங்குள்ள ஜில்லா கவுன்சில் தேர்தல்களில் 1945 வரை வீடோ நிலமோ தம் பெயரில் வைத்திருந்தோரும் அவர்தம் துணைவியரும் மட்டுமே வாக்களித்து வந்தனர். பெற்றோர் வீட்டில் வாழ்ந்த தொழிலாளி பார்லிமெண்டுக்கு வாக்களிக்கலாம். தன் ஊர்க் கவுன்சிலுக்கு வாக்களிக்க இயலாது.

கூட்டுறவு காட்டிய வழி

1844இல் ராச்டேல் நகரில் 28 பேர் தொடங்கிய சங்கத்தில் நெசவாளரும் இருந்தனர். அச்சங்கம் வளர்த்த நெறி, ஆளுக்கு ஒரு வாக்கு என்பது. பத்துப் பங்கு உடையவர்க்கும் ஒரு பங்கு உடையவர்க்கும் வாக்கு ஒன்றே. நம் நாட்டில் 1904ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் கூட்டுறவுச் சங்கங்கள் பரவின. 1935இல், ஜில்லா போர்டுத் தேர்தல்கள் நடந்த அதே காலத்தில், இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்கும் கைத்தறி நெசவாளர் சங்கம் சென்னையில் தோன்றிற்று. போர்டுத் தேர்தலில் வாக்கற்றவர், தம் சங்கத்தின் மகாசபையில் கை உயர்த்தித் தலைவரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஏழை அங்கத்தினர்க்குச் சங்கம் கடன் கொடுத்ததோடு, குடிமகனுக்குரிய மதிப்பையும் கொடுத்தது.

பின்னர் வந்த மாறுதல்

1951-52இல் நடந்த முதற் பொதுத்தேர்தல் வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்களித்தது. 1958ஆம் ஆண்டுச் சட்டங்களால் ஜில்லா போர்டுகள் மறைந்து, ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி மாவட்ட ஊராட்சி அமைந்து, 1996இல் தேர்தல் நடந்தது. மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமானதும் அக்காலத்திலேதான்.

ஆயினும் வாக்குரிமை இருப்பது வேறு, வாக்களிக்கும் நாள் வருவது வேறு. 2016இல் நடந்திருக்கவேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடையில் தனி அலுவலர்களே நிர்வாகம் நடத்தினர். கூட்டுறவுச் சங்கங்களும் இவ்வகை அனுபவத்தை அறிந்தவையே. ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பெயர் பட்டியலில் உள்ளதா என்று பார்த்தல், மகாசபைக்குத் தவறாது வருதல், வரவு செலவைக் கேட்டறிதல், தேர்தல் தள்ளிப்போனால் காரணம் வினவுதல் ஆகிய நான்கையும் கடமையாகக் கொள்ளல் வேண்டும்.

சிந்தனைக்கு

1. தாலுகா போர்டுகள் நீங்கியதால் பள்ளத்தாக்கு மக்களுக்கு நேர்ந்த இடர் யாது?
2. பங்கின் அளவுக்கேற்ப வாக்கு என்று இருப்பின், நம் சங்கத்தின் முடிவுகள் எவ்வாறு மாறும்?
3. சென்ற மகாசபைக்கு நம் அங்கத்தினரில் எத்தனை பேர் வந்தனர்?