நஞ்சேறிய மண்ணில் பூச்செடியும் வேரோடு வாழும் பற்றீரியாவும்

"கீரை நல்லாத்தானே நிக்குது ஐயா, பிறகென்ன பயம்?" என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். இடம்பெயர்ந்து வந்து, பழைய வாகனக் கராஜ் ஒன்றின் பின்வளவில் கொட்டில் போட்டிருக்கும் குடும்பம் அது. முன்னர் பற்றரிகளை உடைத்து ஈயம் எடுத்த இடத்திலேதான் அவர்களது முளைக்கீரைப் பாத்தி இருந்தது. அந்தத் தாயின் கேள்வியையே இம்முறை பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஈயம், கட்மியம், நிக்கல் முதலியவற்றைப் பார உலோகங்கள் என்பர். இலைகுழை உக்கிப் போகும், உலோகம் உக்குவதில்லை. பற்றரி உடைத்த இடம், குப்பை எரித்த சாம்பல் மேடு, பழைய பெயின்ற் உதிர்ந்த சுவரடி ஆகியவற்றில் இவை சேர்ந்திருக்கலாம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் அதற்கு முன் வீதியோர மண்ணில் படிந்த ஈயம் இலகுவில் நீங்காது. யுத்தம் நடந்த காணிகளில் சன்னங்களின் ஈயமும் கிடக்கலாம். (அத்தகைய காணியில் கண்ணிவெடி அகற்றி முடிந்ததென உறுதியாக அறியும்வரை மண்வெட்டி போடவே வேண்டாம்.)

இம்மண்ணில் வளரும் செடிக்கு என்ன நடக்கிறது? நாம் வாழைக்குலையைக் கிடங்கில் வைத்துப் புகையூட்டிப் பழுக்க வைக்கிறோம் அல்லவா? புகையிலுள்ள எதிலீன் என்னும் வாயுவே காயைப் பழுக்கச் செய்கிறது. இதே வாயுவைச் செடியும் தன்னுள் உண்டாக்குகிறது. நஞ்சு, வரட்சி, வெள்ளம் போன்ற துன்பம் வரும்போது அளவுக்கு மிஞ்சி உண்டாக்குகிறது. அப்போது வேர் நீளாது, இலை மஞ்சளாகும்.

இங்கேதான் வேரைச் சுற்றி வாழும் சில பற்றீரியாக்கள் துணைக்கு வருகின்றன. எதிலீனாக மாறவேண்டிய பொருளை, ஒரு நொதியத்தால் உடைத்து, அதிலுள்ள நைதரசனைத் தமக்கு உணவாக்கிக் கொள்கின்றன. செடியில் எதிலீன் குறைகிறது. வேர் மறுபடி ஓடுகிறது. சில பற்றீரியாக்கள் இரும்புச் சத்தைப் பிடித்துக் கொடுக்கின்றன. வேறு சில பசை போன்ற பொருளைச் சுரந்து உலோகத்தை வேருக்கு வெளியிலேயே கட்டிவைக்கின்றன.

கனடாவின் சட்பரி பகுதியில் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிக்கல் அகழ்ந்து உருக்கியதால் பெரும் நிலப்பரப்பு மரமின்றிப் போனது. அங்கிருந்து எடுத்த மண்ணில் வாழ்ந்த ஒரு பற்றீரியாவை, கடுகினத்தைச் சேர்ந்த கனோலா விதையில் தடவி ஆய்வாளர்கள் பரிசோதித்தனர். 1998இல் முடிவு வெளிவந்தது. நிக்கல் கலந்த மண்ணிலும் நாற்றுகள் நன்கு வளர்ந்தன. ஆனால் செடிக்குள் ஏறிய நிக்கல் குறையவில்லை! செடி நஞ்சைத் தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்தத் தாயின் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. பச்சைப் பசேலென்று நிற்கும் கீரைக்குள்ளும் ஈயம் இருக்கலாம். கண்ணால் காணமுடியாது, சமைத்தாலும் போகாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு உட்கொண்டால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமில்லை. ஆகவே ஐயமான மண்ணில் பற்றீரியா இட்டுக் கீரையோ கிழங்கோ பயிரிடுவதை நாம் ஒருபோதும் ஆதரிக்கமாட்டோம். அங்கே பூச்செடி வைக்கலாம். செவ்வந்தி, அந்திமந்தாரை, காசித்தும்பை ஆகியவை கட்மியத்தை ஓரளவு தாங்குபவை. நிலத்தை மூடி வளர்வதால் புழுதி பறப்பதும் மழையில் மண் அடித்துச் செல்வதும் குறையும். பூவுக்கு விலையும் உண்டு.

சூடோமோனஸ், பசிலஸ் ஆகிய இனங்கள் தூளாகப் பைகளில் விற்கப்படுகின்றன. பையில் சொன்ன அளவை நன்கு உக்கிய கூட்டெருவுடன் கலந்து, ஈரச்சாக்கால் மூடிச் சில நாள் நிழலில் வையுங்கள். நடும்போது நாற்றின் வேரை, அத்தூளைக் கஞ்சிப் பதத்தில் கரைத்த நீரில் தோய்த்து, வெயில் தாழ்ந்த பின் நடுங்கள். பற்றீரியாவும் உயிர்தான்: காய்ந்த மண்ணிலும் செம்பு கலந்த மருந்து தெளித்த இடத்திலும் நிலைக்காது. கூட்டெரு தாராளமாக இடுவது ஈயத்தைக் கட்டிவைக்கவும் உதவும். புளித்த மண்ணாயின் சுண்ணாம்பும் இடலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலங்களுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

இதனால் நிலம் சுத்தமாகிவிடும் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். செடி உறிஞ்சும் அளவு சிறிது. சில பற்றீரியாக்கள் உலோகத்தை இளக்கிச் செடிக்குள் கூடுதலாக ஏற்றிவிடுவதும் உண்டு. எனவே பூவை மாலைக்கு விற்கலாம். மஞ்சட்கரு நிறத்துக்கென்று கோழித் தீனியில் சேர்க்கக்கூடாது. ஆட்டுக்கும் போடக்கூடாது. காய்ந்த செடியை வீட்டுக் கூட்டெருக் குழியில் இடாமலும் எரிக்காமலும் கிணற்றுக்குத் தொலைவாக, அதே பாத்தியின் ஒரு மூலையில் குவித்து மூடிவையுங்கள்.

விவசாயப் போதனாசிரியரிடம் மண் பரிசோதனை பற்றிக் கேட்கும்போது "ஈயமும் கட்மியமும் பார்க்கவேண்டும்" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வழமையான பரிசோதனை பசளைச் சத்துக்களையே காட்டும்.

அந்தத் தாய் கீரையைப் பிடுங்கச் சற்றுத் தயங்கினார். பிள்ளைகளுக்கு அன்றாடக் கறி அதுதானே. நாம் வேறிடத்து மண்ணைக் கொண்டுவந்து ஆறு உரப்பைகளில் நிரப்பிக் கொடுத்தோம். அவற்றில் கீரை விதை போட்ட பிறகே பழைய பாத்தியில் செவ்வந்தி நாற்று வைக்க இடம் கொடுத்தார்.