விற்பனை ஊக்கத்தொகையும் தலைமையின் அறமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்.சி. (கணிதம்)

முன்னுரை

வாணிகத்துக்குரிய அறத்தை வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் வைக்கவில்லை. அறத்துப்பாலில், நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். அந்த நடுவு நிலைமையைச் சாய்க்கவல்ல ஒன்று இன்றைய நிறுவனங்களில் உண்டு. அதுவே விற்பனை ஊக்கத்தொகை. நம்முள் பலர் நாளை வங்கி, காப்பீடு, மருந்து நிறுவனம், ஜவுளிக்கடை ஆகியவற்றில் ‘டார்கெட்’ உள்ள பணிகளுக்கே செல்லவிருக்கிறோம். ஆதலால் இதனை ஆராய்வது நமக்குப் பெரிதும் பயன் தரும்.

ஊக்கத்தொகையின் இயல்பு

ஊக்கத்தொகை தன்னளவில் தீயதன்று. கூடுதல் உழைப்புக்குக் கூடுதல் ஊதியம் என்பது நியாயமே. ஆயின் எதற்குத் தொகை கொடுக்கிறோமோ, அதுவே பெருகும். எண்ணிக்கைக்குக் கொடுத்தால் எண்ணிக்கை பெருகும். வாங்குபவரின் நன்மைக்குக் கணக்கு வைப்பார் இல்லை.

அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி இதற்குத் தக்க சான்று. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எட்டுக் கணக்குகள் அல்லது சேவைகள் என்பது அதன் தலைமை வகுத்த குறிக்கோள். அதை எட்ட முடியாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே இலட்சக்கணக்கான கணக்குகளைத் தொடங்கினர். 2016-ஆம் ஆண்டு வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்கு முன்பே ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் வேலையிழந்திருந்தனர். தலைவர் பதவி விலகியதோ இறுதியில்தான். தவற்றைச் சுட்டிக்காட்டிய மேலாளர் ஒருவரும் வெளியேற்றப்பட்டார். அவரைத் திரும்பச் சேர்க்குமாறு 2017-இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை ஆணையிட்டது. இலக்கை வகுத்தவர் ஒருவர், அதன் சுமையைத் தாங்கியவர் வேறொருவர் என்பதை இங்கே காண்கிறோம்.

நம் ஊருக்குப் பொருத்திப் பார்த்தால்

களக்காட்டு விவசாயி ஒருவர் வாழைத்தார் விற்ற பணம் 50,000 ரூபாயைச் சேமிக்க எண்ணுகிறார் என்று கொள்வோம். அடுத்த பருவத்துக்குக் கன்றும் உரமும் வாங்க வேண்டியிருப்பதால் அவருக்கு ஓராண்டு வைப்பே ஏற்றது. ஆனால் முதலாண்டுத் தவணையில் 35 விழுக்காடு கமிஷன் தரும் காப்பீட்டுப் பத்திரத்தை விற்றால் முகவருக்கு 17,500 ரூபாய் கிடைக்கும். வைப்பைப் பரிந்துரைத்தால் ஒன்றும் கிடைக்காது. மறு ஆண்டு காற்றில் வாழை சாய்ந்தால் தவணை நின்றுவிடும். கட்டிய பணத்தில் ஒரு பகுதி கைவிட்டுப் போகும். பத்திரத்தைப் படித்துப் பார்க்கக் கூடியவர்கள் எங்களைப் போன்ற குடும்பங்களில் இந்தத் தலைமுறையில்தான் தோன்றியிருக்கிறோம் என்பதை எண்ணினால் இதன் கனம் விளங்கும்.

இக்குறையைக் களையும் முயற்சிகளும் நடந்துள்ளன. பரஸ்பர நிதி விற்போருக்கு முன்கூட்டியே மொத்தமாகத் தரப்பட்ட கமிஷனை 2018-இல் செபி நிறுத்தி, முதலீடு நீடிக்கும் காலம்வரை சிறிது சிறிதாகத் தரும் முறையை வகுத்தது. 2024 அக்டோபரில் எல்.ஐ.சி. முதலாண்டுக் கமிஷனை 35 விழுக்காட்டிலிருந்து 28 ஆகக் குறைத்து, பின்னாண்டுகளுக்குரியதை உயர்த்தியது. விற்ற நாளுக்கு மட்டுமன்றி, விற்றது நிலைத்திருப்பதற்கும் பரிசு என்பதே இவற்றின் சாரம்.

தலைமையின் கடமைகள்

1. நேர்மையான உழைப்பால் எட்டக்கூடிய இலக்கையே வகுத்தல்.
2. விற்பனையோடு, வந்த புகார்களையும் இடையில் நின்றுபோன பத்திரங்களையும் எண்ணுதல்.
3. ‘இது உங்களுக்கு வேண்டாம்’ என்று வாடிக்கையாளரிடம் உண்மை சொன்ன ஊழியரைத் தண்டியாதிருத்தல்.
4. தவறு நேர்ந்தால் முதலில் தன் ஊக்கத்தொகையை விட்டுக்கொடுத்தல்.

தலைமை தானே முன்வராதபோது சட்டம் வர நேரிடும். கடைகளில் நாள் முழுதும் நின்று விற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் செய்ய வேண்டியதாயிற்று அல்லவா?

முடிவுரை

ஊழியரைக் கசக்கிப் பெறும் விற்பனை இறுதியில் வாங்குபவரையும் கசக்கும். நாளை நம்மில் சிலர் இலக்கைச் சுமப்போம். சிலர் இலக்கை வகுப்போம். சுமக்கும்போது பட்ட பாட்டை வகுக்கும்போது மறவாதிருப்பதே நாம் கற்ற கல்விக்குப் பெருமை சேர்க்கும்.