தீத்தடுப்புக் கல்வியும் நம் சங்கங்களும்

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கமொன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். நூற்கிடங்கின் சுவரில் தீயணைப்புக் கருவியொன்று தொங்கிற்று. “தீயணைப்புக் கருவி உளது” என்று குறிப்பெழுதிக் கையொப்பமிட்டுத் திரும்பினேன். நான்கு மாதங்கள் கழித்து அக்கிடங்கில் தீப்பற்றிற்று. கருவியை எடுத்தவர், முதலில் அதன் ஊசியைக் கழற்ற வேண்டுமென்பதை அறியார். பிடியை அழுத்திப் பார்த்தார், அது அசையவில்லை. கீழே போட்டுவிட்டுக் குடம் தேடி ஓடினார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அங்கத்தினர்க்குப் பங்கிட வேண்டிய நூல் கரியாயிற்று. தறிகள் ஒரு மாதம் ஓசையின்றி நின்றன. கருவி உண்டா என்று பார்த்த நான், அதைக் கையாளத் தெரிந்தவர் உண்டா என்று கேட்கவில்லை. அக்குறையை உணர்ந்தே இப்பாடத்தை எழுதுகின்றேன்.

தீயின் இயல்பு

எரிபொருள், வெப்பம், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் கூடினால் தீ உண்டாகும். ஒன்றை நீக்கினால் அணையும். நீர் வெப்பத்தைத் தணிக்கும். மணலும் நுரையும் காற்றைத் தடுக்கும். அருகிலுள்ள பொதிகளை அகற்றினால் தீக்கு இரை கிடையாது. விதி எளியது. எத்தீக்கு எது தகும் என்பதை அறிவதே கல்வி.

எரியும் எண்ணெயில் நீரூற்றினால் தீ சிதறிப் பரவும். மின்னோட்டமுள்ள கம்பியில் நீர் பட்டால் ஊற்றுபவர் உயிருக்கே ஆபத்து. சாயச்சாலைகளில் நாம் கையாளும் ஹைட்ரோஸ் தூள் சிறிது ஈரம் பட்டாலும் தானே சூடேறிப் பற்றக்கூடும். ஆதலால் அதன் டிரம்மை இறுக மூடி, உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். உழவர்க்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. நன்கு உலராத வைக்கோலைப் போராக அடுக்கினால் உள்ளே வெப்பம் பெருகி, நெருப்பு வைப்பாரின்றியே போர் எரியலாம். பஞ்சுப் பொதியோ, மேலே அணைந்ததுபோல் தோன்றி உள்ளே கனன்றுகொண்டிருக்கும்.

இரு நிகழ்ச்சிகள்

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பல் நின்றிருந்தது. கராச்சியில் ஏற்றிய பருத்திப் பொதிகளும், சுமார் 1,400 டன் வெடிமருந்தும் அதில் இருந்தன. பிற்பகலில் பருத்தியிலிருந்து புகை எழுந்தது. நீரை இறைத்தும், புகையின் அடர்த்தியால் தீயின் இருப்பிடத்தைக் காண இயலவில்லை. மாலை நான்கு மணியளவில் கப்பல் வெடித்தது. உயிரிழந்த பல நூற்றுவருள் தீயணைப்புப் படையினர் 66 பேர். அவர்கள் நினைவாகவே ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாகக் கொள்ளப்படுகிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் எழுந்த தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. கீற்றுக் கூரையின் அருகில் அடுப்பெரித்தல் ஆகாது என்பதைத் தீ வருமுன் கண்டு சொல்வது தீத்தடுப்பு. வந்தபின் போராடுவது தீயணைப்பு. இரண்டிற்கும் பயின்றவர் வேண்டும்.

பயிலும் வழிகள்

நம் அங்கத்தினரின் மக்கள் இத்துறையில் தொழில் பெற வழிகள் பல உள. பத்தாம் வகுப்புத் தேறியவர் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் எழுத்துத் தேர்விலும் உடற்திறன் தேர்விலும் வென்று, தீயணைப்பு மீட்புப் பணித்துறையில் தீயணைப்பாளராகலாம். பட்டதாரிகள் நிலைய அலுவலர் தேர்வு எழுதலாம். குழாய் பிடித்தல், ஏணி ஏறுதல், கயிற்று முடிச்சு, நீரேற்று இயந்திரம், சுவாசக் கருவி, முதலுதவி ஆகியவற்றில் பயிற்சி தரப்படும். நெசவாளர் ஒன்றை அறிந்து மகிழலாம்: அப்படையினர் ஏந்தும் நீர்க்குழாயின் புறவுறையும் நூலால் வட்டமாக நெய்யப்பட்டதே.

மேற்கல்வி விரும்புவோர்க்கு 1956-இல் தொடங்கப்பெற்ற தேசியத் தீயணைப்புப் பணிக் கல்லூரி நாகபுரியில் உள்ளது. அங்கே அலுவலர் பயிற்சிகளும், தீப்பொறியியலில் பட்டப்படிப்பும் நடைபெறுகின்றன. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பும் தீப்பொறியியலும் சேர்ந்த பி.டெக். படிப்பு உண்டு. ஆலைகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள், விமான நிலையங்கள், மருத்துவமனைகள் ஆகிய இடங்களிலும் இக்கல்வி பெற்றோர் தேவைப்படுகின்றனர். பெண்களும் இத்துறையில் உயர் அலுவலராகப் பணிபுரிகின்றனர்.

எனினும், எச்சரிக்கை வேண்டும். சில மாதங்களில் சான்றிதழும் உடனே வேலையும் தருவதாக விளம்பரம் செய்யும் நிலையங்கள் பல. நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டுமுன், அச்சான்றிதழை எந்த அரசு அல்லது பல்கலைக்கழகம் ஏற்கிறது என்பதை எழுத்து மூலம் கேட்டறிக. கைப்பயிற்சியின்றி ஏட்டுப் பாடம் மட்டும் நடத்தும் இடத்தை விலக்குக.

சங்கத்தின் கடமை

கூட்டுறவின் கொள்கைகளுள் கல்வியும் ஒன்று. நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் கல்வி நிதிக்கென ஒதுக்கும் நாம், இதற்கும் முயற்சி எடுத்தல் தகும். அருகிலுள்ள தீயணைப்பு நிலைய அலுவலருக்குச் சங்கத்தின் சார்பில் விண்ணப்பம் எழுதி, செயல் விளக்கம் நடத்தித் தரும்படி கோருக. கிடங்குக் காவலர், எழுத்தர், சாயமிடுவோர் ஆகிய ஒவ்வொருவரும் கருவியைத் தம் கையால் ஒரு முறையேனும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். ஊசியை இழுத்தல், குழல்முனையைத் தீயின் அடிப்பகுதிக்கு நேராகப் பிடித்தல், பிடியை அழுத்துதல், இருபுறமும் வீசுதல் என நான்கே செயல்கள். தீ சிறிதாயின் அணைக்க முயல்க. கூரையை எட்டினால் அனைவரும் வெளியேறி 101 எண்ணை அழைக்க.

இப்போது நான் ஆய்வுக்குச் செல்லுமிடமெல்லாம் கருவியைக் காட்டி, “இதை எடுத்து இயக்கிக் காட்டுங்கள்” என்கின்றேன். பலர் தயங்குகின்றனர். அடுத்த முறை செல்லும்போது தயக்கம் குறைந்திருக்கக் காண்கின்றேன்.

படிப்பு வட்டத்திற்குரிய வினாக்கள்

1. நம் கிடங்கில் எளிதில் தீப்பற்றும் பொருள்கள் யாவை? அவை எவ்வாறு வைக்கப்பட்டுள்ளன?

2. நம் கருவியில் வாயு அழுத்தம் சரியாக உள்ளதா? அதை மீண்டும் நிரப்ப வேண்டிய நாள் எது?

3. இரவில் தீ நேர்ந்தால் கிடங்கின் சாவி யாரிடம் இருக்கும்?

4. நம் அங்கத்தினர் குடும்பங்களில் இக்கல்விக்கு ஏற்ற இளைஞர் யார்? சங்கம் அவர்க்கு எவ்வகையில் துணைபுரியலாம்?