கடலின் நீலத்துக்கு ராமன் விளைவு காரணமா?

தேசிய அறிவியல் நாளான பிப்ரவரி 28 வந்தால் பள்ளி மேடைகளில் தவறாமல் ஒரு வரி ஒலிக்கும்: "கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று கண்டுபிடித்ததற்காக சர் சி.வி. ராமனுக்கு நோபல் பரிசு." ராமனின் இரண்டு தனித்தனி ஆய்வுகளை ஒன்றாக்கிவிடும் இந்த வரியைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வது உறுத்துகிறது.

நம்பிக்கை: கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு.

இப்படிச் சொன்னவர் பெரிய இயற்பியலாளரான ரேலே பிரபு. 1921இல் இங்கிலாந்திலிருந்து நார்குண்டா கப்பலில் திரும்பும்போது ராமன் இதைச் சோதித்துப் பார்த்தார். நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் ஒரே தளத்தில்தான் அதிரும். ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் நிகோல் பட்டகத்தை அந்தக் கோணத்தில் கண்ணருகே பிடித்துத் திருப்பினால் பிரதிபலிப்பு மறைந்துவிடும். அப்படி மறைத்த பிறகும் நீலம் போகவில்லை. முன்னைவிடச் செறிவாகத் தெரிந்தது.

நம்பிக்கை: அப்படியானால் காரணம் ராமன் விளைவுதான்.

நோபல் பரிசைப் பெற்றுத் தந்த ராமன் விளைவு கண்டறியப்பட்டது 1928இல். மூலக்கூறின் மீது படும் ஒளி, தன் ஆற்றலில் ஒரு பங்கை அதன் அதிர்வுக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தோடு வெளியேறுகிறது. ஆற்றல் குறைந்தால் அலைநீளம் கூடும். 532 நானோமீட்டர் பச்சை லேசரைத் தண்ணீரில் செலுத்தினால், ராமன் சிதறல் 650 நானோமீட்டர் அருகே, சிவப்பில் வருகிறது. நீலத்துக்கு நேர் எதிர்த்திசை! அதுவும் மிக மங்கலாக. 1922இல் கடலைப் பற்றி ராமன் எழுதிய கட்டுரை பேசியது ஆற்றல் மாறாத சாதாரணச் சிதறலைப் பற்றி. சிவப்பு உறிஞ்சப்படுவதை அவர் துணைக் காரணமாகவே வைத்தார். இன்று நாம் அதைத்தான் முதன்மையாகக் கொள்கிறோம்.

நீர் மூலக்கூறில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வின் ஆற்றல் படிப்படியாகத்தான் ஏறும்; இரண்டு படிகளுக்கு நடுவே நிற்க இடமில்லை. ஒரு படி ஏற, சுமார் 3 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி போதும். ஒரே தாவலில் நான்கு படி ஏற 700 நானோமீட்டர் அருகிலுள்ள சிவப்பு ஒளி வேண்டும். அத்தகைய தாவல் அரிது என்பதால் டம்ளர் தண்ணீரில் நிறம் தெரிவதில்லை. பல மீட்டர் ஆழத்தில் சிவப்பு கரைந்துபோகிறது. மிஞ்சிய நீலம் சிதறி மேலே வருகிறது.

இதற்குச் சான்று கனநீர். அதில் ஹைட்ரஜனுக்குப் பதிலாக இரு மடங்கு எடையுள்ள டியூட்டீரியம் இருக்கிறது. எடை கூடியதால் அதிர்வு மெதுவாகிறது, படியின் உயரமும் குறைகிறது. அதே நான்கு படித் தாவலுக்கு அகச்சிவப்பே போதும், சிவப்பு தப்பிவிடுகிறது. சில மீட்டர் நீளக் குழாய்களில் இரண்டையும் நிரப்பி வெள்ளொளி பாய்ச்சினால் சாதாரண நீர் நீலமாகத் தெரியும். கனநீருக்கு நிறமே இருக்காது.