அளவுச் சொற்களைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் வழிகள்

ஆங்கிலத்தில் அளவைக் குறிக்கும் ‘சம்’, ‘எனி’, ‘மெனி’, ‘மச்’ முதலிய சொற்களைத் தமிழ்க் குழந்தைக்குப் போதிக்க முற்படும் உபாத்தியாயர், விதியைச் சொல்லி அப்பியாசம் செய்விக்கலாம். பொருளைக் காட்டிப் பேசவைக்கலாம். அல்லது ஒரு காரியத்தைக் கொடுத்து அதன் போக்கிலே சொற்கள் பழக விடலாம்.

‘நிறையப் பழம்’, ‘நிறையப் பால்’ என்று இரண்டையும் ஒரே சொல்லால் பேசி, அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ விகுதி சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பிழையாகாத பாஷையில் வளர்ந்த பிள்ளைக்கு, எண்ணக்கூடியதற்கு ‘மெனி’யும் பன்மை விகுதியும், எண்ணக்கூடாததற்கு ‘மச்’சும் வேண்டும் ஆங்கில வழக்கம் முற்றிலும் புதிது. ‘மெனி மேங்கோ’ என்று அது சொல்வது கவனக்குறைவன்று.

விதி மார்க்கம் பரீட்சைக்குச் சௌகரியமானது. ஆயினும், உடன்பாட்டில் ‘சம்’, வினாவிலும் எதிர்மறையிலும் ‘எனி’ என்று மனனம் செய்த குழந்தை, ‘உட் யூ லைக் சம் மில்க்?’ என்பது வினாவாயிற்றே என்று திகைக்கும். ‘எனி சைல்ட் கேன் டூ இட்’ என்பது உடன்பாடாயிற்றே என்று மறுபடியும் திகைக்கும். முன்னதில் ‘ஆம்’ என்ற விடையை எதிர்பார்த்து உபசரிக்கிறோம். பின்னதில் எந்தக் குழந்தையாயினும் என்பது பொருள். கருத்திலுள்ள பேதத்தை வாக்கிய வடிவத்திலே தேடச் செய்வது பெருங்குறையாகையால், பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இதை முதலிற் கொடுப்பதை நான் ஒப்பவில்லை.

1658-இல் கொமேனியஸ் சித்திரங்களோடு பாடநூல் வெளியிட்டது முதல் பெரியோர் பலர் போற்றிய பொருட்காட்சி மார்க்கமே தொடக்கத்துக்கு உகந்தது. தட்டிலே புளியங்கொட்டைகளும் தம்ளரிலே தண்ணீரும் வைத்து, ‘ஹௌ மெனி சீட்ஸ்?’, ‘ஹௌ மச் வாட்டர்?’ என்று மாறிமாறிக் கேட்டால், விதி சொல்லாமலே பிரிவினை மனத்தில் பதியும். அரிசியை மாத்திரம் முதல் நாளில் வைக்கவேண்டாம். மணிமணியாகக் கண்ணுக்குத் தெரிந்தும் ஆங்கிலம் அதை எண்ணாப் பொருளாகவே கொள்ளும்.

இம்மார்க்கத்துக்கும் எல்லை உண்டு. ‘எ ஃப்யூ’, ‘ஃப்யூ’ இரண்டுக்கும் அதே ஐந்து கொட்டைகளைத்தான் காட்ட முடியும். பேதம் சொல்வோன் மனத்தில் இருக்கிறது. ‘சில இருக்கின்றன’, ‘சிலவே இருக்கின்றன’ என்று தாய்மொழியிற் சொல்லிவிட்டால், அந்த ஏகாரமே விளக்கிவிடும். 1967-இல் டாட்சன் நூலாக வெளியிட்ட இருமொழி முறை இத்தகைய உதவியை அனுமதிக்கிறது.

1979-இல் என். எஸ். பிரபு பெங்களூரில் தொடங்கிய காரிய வழிப் போதனை, ஆங்கிலம் ஓரளவு வந்த பிள்ளைகளுக்கே பயன்படும். சிறுவர் கடை விளையாட்டில் ‘திஸ், திஸ்’ என்று விரலால் காட்டியே வியாபாரத்தை முடித்துவிடுவர். ஆகவே பொருட்காட்சியிற் பழகிய பின்னர், வாங்குவோனுக்குச் சரக்குத் தெரியாதபடி திரையிட்டு அவ்விளையாட்டை நடத்துக.