மார்க் குறைந்தால் தூக்கத்தையும் கவனியுங்கள்

வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொன்ன என் மகன், மூன்றாம் வகுப்பில் நேற்றுப் படித்ததை இன்று மறந்தான். தொட்டதற்கெல்லாம் கத்தினான், நோட்டைக் கிழித்தான். ஆழ்வார்பேட்டையில் எங்கள் அபார்ட்மெண்டில் எல்லோரும் சொன்ன வைத்தியம் டியூஷன்தான். ஒரு விடியற்காலையில் வாய் ஒருபக்கம் கோணி, எச்சில் ஒழுக, பேச்சு வராமல் எழுந்து உட்கார்ந்தான். குழந்தைகள் நரம்பியல் மருத்துவரிடம் ஓடினோம்.

விழித்திருந்தபோது எடுத்த இ.இ.ஜி.யில் (மூளை மின்னலைப் பதிவு) பெரிதாக ஒன்றுமில்லை. தூங்கவைத்து எடுத்தபோது, ஆழ்ந்த தூக்கம் நெடுகக் கூரிய அலைகள். பாட்ரி, லியாகூபி, தசினாரி ஆகிய ஆய்வாளர்கள் 1971-இலேயே எழுதிவைத்த, வலிப்பு சார்ந்த நிலை இது. பகலில் கற்றதை மூளை பதியவைக்க ஆழ்ந்த தூக்கம் வேண்டும். அதை இந்த அலைகள் குலைத்தால், கைகால் வெட்டாமலே படிப்பும் பேச்சும் குணமும் சரியலாம்.

எங்களுக்குக் கைகொடுத்தவை இவை:

வீடியோ எடுங்கள். தூக்கத்தில் வாய் கோணுவது, தொண்டையில் களகள சத்தம், கை துடிப்பது ஆகியவற்றை வாயால் விவரிப்பதைவிட செல்போன் பதிவு டாக்டருக்குத் தெளிவு தரும்.

தூக்க இ.இ.ஜி. தேவையா என்று கேளுங்கள். முதல்நாள் தலைக்கு ஷாம்பு போட்டுவிடுங்கள், எண்ணெய் கூடாது. எவ்வளவு நேரம் கண்விழிக்க வைப்பது என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

வலிப்பின்போது கையில் சாவிக்கொத்து வேண்டாம். வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

பழைய மருந்துச்சீட்டுகளை எடுத்துப்போங்கள். கார்பமசெபைன் போன்ற சில மருந்துகள் சில குழந்தைகளுக்கு இந்த அலைகளைக் கூட்டிவிடும். ஸ்டீராய்டு கொடுத்தால் பசியும் கோபமும் ஏறும். ஆனால் நாமாக நிறுத்தக்கூடாது.

பள்ளியில் மறைக்காதீர்கள். வகுப்பு மிஸ் வாரந்தோறும் எழுதித்தந்த நான்கு வரி, மருந்து வேலைசெய்கிறதா என்று டாக்டர் கணிக்க உதவியது. நாள்பட்ட நரம்பியல் பாதிப்பும் கற்றல் குறைபாடும் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. தேர்வுச் சலுகைக்குத் தகுதி உண்டா என்று கேட்டுப்பாருங்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்த அலைகள் பருவ வயதில் அடங்கிவிடும். ஆனால் அதற்குள் நழுவிய படிப்பு தானாக முழுதும் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு செக்கப்பிலும் வலிப்பு நின்றதா என்பதோடு, பிள்ளைக்குப் படிப்பு ஏறுகிறதா என்பதையும் பேசிவிட்டு வாருங்கள்.